பின்னல் கோலாட்டம்: கோல் பிடிப்பது முதல் பின்னல் அவிழ்ப்பது வரை

வாணி விழாவுக்கோ தமிழ்த் தினப் போட்டிக்கோ பிள்ளைகளைப் பழக்க வேண்டி வந்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கோலாட்டம். ஆளுக்கு இரண்டு கோல், ஒரு பாட்டு, எட்டுப் பிள்ளைகள். பின்னல் கோலாட்டம் என்றால், மேலே கட்டிய வளையத்திலிருந்து தொங்கும் கயிறுகளை, அதாவது துணி நாடாக்களை, ஆளுக்கொன்றாகப் பிடித்து, கோல்தட்டிச் சுற்றி ஆடியபடியே பின்னி, பிறகு அவிழ்ப்பது. பார்க்க இலேசான வேலைதான். ஆனால் மேடையில் ஒவ்வொரு சோடியும் ஒவ்வொரு நேரத்தில் தட்டும். பின்னல் பாதியில் சிக்கும். பிள்ளைகள் கயிற்றை விட்டுவிட்டு ஆளையாள் பார்த்து முழிப்பார்கள். இது பிள்ளைகளின் பிழை அல்ல, பழக்கிய ஒழுங்கில் உள்ள பிழை. பெரும்பாலும் கயிறு முதற் கிழமையிலேயே வெளியே வந்துவிடுகிறது.

இந்த வழிகாட்டி முதல்முறையாகக் கோலாட்டம் பழக்கப்போகும் ஆசிரியர்களுக்கும், சனசமூக நிலையங்களில் சிறுவர்களைச் சேர்த்து ஆட்டுவிக்க விரும்புவோருக்கும் உரியது. இதில் உள்ள எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே விதி: எட்டுப் பேரின் கோலும் ஒரே சத்தமாகக் கேட்கும்வரை கயிற்றைத் தொட வேண்டாம்.

யாருடைய ஆட்டம்

தமிழ்நாட்டில் கோலாட்டம் பெண்களின் ஆட்டம். தீபாவளியை ஒட்டிவரும் அமாவாசையில் தொடங்கிப் பத்து நாள் ஆடுகிற வழக்கம் அங்கே இருந்தது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் இதன் உறவுகள் உண்டு. கேரளத்தின் கோல்களியை ஆண்கள் ஆடுகிறார்கள். குஜராத்தின் தாண்டியாவை எல்லோரும் அறிவர். எங்கள் நாட்டில் மட்டக்களப்பின் வசந்தன் கூத்திலும் ஆடுவோர் கையில் கோல் இருக்கும். சிங்கள மக்களின் கோலாட்டமான லீ கெளியைக் கண்டிப் பெரஹராவில் காணலாம். யாழ்ப்பாணத்தில் இந்த ஆட்டம் கோயில் வீதியிலும் பாடசாலை மேடையிலும் வாழ்கிறது. பாடசாலை நடனப் பாடத்தில் பரதத்தோடு கிராமிய நடனங்களும் வருவதால், இன்றைய பிள்ளைகளில் பலர் கோலாட்டத்தை நடன ஆசிரியரிடமே முதலில் பழகுகிறார்கள்.

அங்கேதான் முதலாவது சிக்கலும் வருகிறது. பரதம் பழகிய பிள்ளை கோலைக் கையில் எடுத்ததும் தானாக முழங்காலை மடித்து அரைமண்டியில் இறங்கும், பாதத்தை ஓங்கித் தட்டும், சபையைப் பார்த்துச் சிரிக்கும். கோலாட்டத்துக்கு இந்த மூன்றும் கூடாது. முழங்கால் சற்று இளகி நின்றால் போதும். பாதம் சத்தமில்லாமல் பதிய வேண்டும், ஏனென்றால் இங்கே தாளத்தைச் சொல்வது கோல். பார்வை எதிரே நிற்பவரின் முகத்தில் இருக்க வேண்டும். பரதத்தில் ஆடுபவர் சபைக்கு ஆடிக் காட்டுகிறார். கோலாட்டம் வட்டத்துக்குள்ளே, நடுவிலுள்ள விளக்கைச் சுற்றி, ஒருவருக்கொருவர் ஆடுவது. சபை அதை வெளியிலிருந்து பார்க்கிறது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பிறகு திருத்தும் வேலை பாதியாகக் குறையும்.

எத்தனை பேர்

எட்டு, பன்னிரண்டு, பதினாறு: நான்கால் மீதியின்றிப் பிரிபடும் தொகை. சும்மா கோலாட்டத்துக்கு இரட்டைப்படை எதுவும் சரிவரும். ஆனால் பின்னலுக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஆறு பேரும் பத்துப் பேரும் தொடக்கக்காரருக்குக் கரைச்சல். காரணம் பின்னல் பகுதியில் வரும். முதல்முறை என்றால் எட்டுக்கு மேல் போகாதீர்கள்.

உயரம் அண்ணளவாக ஒத்த பிள்ளைகளைச் சேருங்கள். சோடியில் ஒருவர் தலை மற்றவரின் தோளுக்கு இருந்தால் கோல்கள் ஒரே உயரத்தில் சந்திக்காது, உயரமான பிள்ளை குனிந்து குனிந்து ஆடும். எட்டுப் பேரோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துப் பழக்குவது நல்லது. காய்ச்சல், சோதனை, கோயில் கொடியேற்றம் என்று யாராவது வராத நாள் இருக்கும். ஒருவர் குறைந்தால் பின்னல் பழக முடியாது.

கோல்

நீளம் 12 முதல் 14 அங்குலம், விட்டம் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூட. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 11 அங்குலம் போதும். எளிய அளவு: பிள்ளையின் முழங்கையிலிருந்து மணிக்கட்டுத் தாண்டி உள்ளங்கை நடுவரை. கடைசல் பட்டடையில் கொடுத்தால் முனைகளை உருட்டிக் கடைந்து தருவார்கள். முனை கூராகவோ சதுரமாகவோ இருக்கக்கூடாது.

மரம் முக்கியம். முதிரையும் பாலையும் நல்ல சத்தம் தரும், ஆனால் கனம். சின்னக் கை பத்து நிமிடத்தில் சோர்ந்து, அடி பிந்தத் தொடங்கும். பெட்டிப்பலகை மாதிரியான மெத்தென்ற மரம் சத்தமே தராது, கெதியில் சிம்பும் எழும்பும். தேக்கு, பூவரசு, வேம்பு ஆகியவை நடுத்தரம். எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் மந்தமாக ஒலிக்கும், காயும்போது வெடிக்கும். பதினாறு கோலும் ஒரே மரத்தில் ஒரே நாளில் கடைந்ததாக இருந்தால் ஒலி ஒத்துவரும். வர்ணம் பூசுவதென்றால் மெல்லியதாக ஒரு தடவை. தடித்த எனாமல் பூச்சு வியர்த்த கையில் வழுக்கும், அடிபட்டு உதிரும்.

தொடங்குமுன் கோலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், கீழே கிடக்கும் கோலைத் தாண்டாமல் எடுத்து ஓரமாக வைப்பதும் இந்த ஆட்டத்தோடு சேர்ந்த பழக்கங்கள். பிள்ளைகளிடம் இவற்றைக் கட்டாயம் பழக்குங்கள். சலங்கைக்கு இருக்கும் மரியாதை கோலுக்கும் உண்டு.

பிடியும் அடியும்

கோலின் அடியில் இரண்டு விரற்கடை விட்டு மேலே பிடிக்க வேண்டும். நான்கு விரலும் சுற்றிவர, பெருவிரல் சுட்டுவிரலின் மேல் வந்து உட்கார வேண்டும். பெருவிரலைக் கோலோடு நீட்டி வைத்தால் எதிர்க்கோல் வந்து நகத்தில் படும். முதற் கிழமையில் அழுகிற பிள்ளைகளில் அநேகர் இப்படி அடிபட்டவர்கள்தான்.

கோல் சற்று உள்சாய்வாக மேல்நோக்கி நிற்க வேண்டும். இரண்டு கோலும் நுனியிலிருந்து மூன்று அங்குலம் கீழே, பெருக்கல் குறி போலச் சந்திக்கட்டும். கோலைப் படுக்கையாகப் பிடித்தால் நுனி எதிரே நிற்பவரின் முகத்துக்கு நேரே போகும், அது ஆபத்து. அடி மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், தோளிலிருந்து அல்ல. தோளால் அடிக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது சுகம்: அடிக்கும்போது முழங்கை உடலை விட்டு விலகும். முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் ஒரு கைக்குட்டையை வைத்து, அது விழாமல் தட்டச் சொல்லுங்கள். இரண்டு நாளில் சரிவரும்.

முதல் மூன்று வகுப்பும் நிலத்தில் இருந்தபடி. எழும்பி நின்றால் பிள்ளையின் கவனம் காலுக்குப் போய்விடும். எட்டு எண்ணிக்கை, தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு ‘தக திமி தக ஜொணு’. ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணிக்கை.

ஒன்று: தன் கோல் இரண்டையும் தட்டு.
இரண்டு: வலக்கோலால் எதிரே இருப்பவரின் வலக்கோலைத் தட்டு.
மூன்று: தன் கோல்.
நான்கு: இடக்கோலால் அவருடைய இடக்கோல்.
ஐந்து: தன் கோல்.
ஆறு: இரண்டு கோலாலும் அவருடைய இரண்டையும்.
ஏழு: தன் கோல்.
எட்டு: அடி இல்லை.

இந்த எட்டாவது எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். இடைவெளியில் யாராவது முந்தித் தட்டினால் அந்தச் சத்தம் தனியாகக் கேட்கும், பிழை எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். பின்னர் எழும்பி ஆடும்போது அடுத்தவரிடம் நகர்வதற்கும் இந்த இடைவெளிதான் உதவும்.

வேகம் நிமிடத்துக்கு 60 எண்ணிக்கையில் தொடங்கட்டும். சுவர்மணிக்கூட்டின் விநாடி முள் போதும், வேறு கருவி வேண்டாம். 60இல் ஒன்றாக ஒலிக்கும் கூட்டத்தை மெல்ல 80க்குக் கொண்டுபோகலாம். மேடைக்கு 80 முதல் 90 அளவானது. அதற்கு மேல் போனால் வேகம் இருக்கும், அழகு இருக்காது.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஒரு பரீட்சை: பழக்குபவர் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பிள்ளைகளைப் பாட்டில்லாமல் ஆடச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்தால் வடிவான உடுப்பும் சிரிப்பும் பிழையை மறைக்கும், காது அப்படி ஏமாறாது. ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் சரி. ‘டர்ர்’ என்று சிதறினால் இன்னும் இருந்தபடியே பழகட்டும். பெரும்பாலும் சிதறலுக்குக் காரணம் ஒரேயொரு சோடியாக இருக்கும். அந்தச் சோடியைப் பிரித்து, ஆளுக்கொரு நல்ல தாளக்காரரோடு சேர்த்துவிடுங்கள்.

கால்

மூன்று அடி, ஒரு தொடுகை: வலம், இடம், வலம், இடது முன்பாதம் நிலத்தைத் தொடும். அடுத்தது இடதில் தொடங்கும். நின்ற இடத்தில் ஆடும்போது அடியின் அளவு ஒரு சாண். வெறுங்கால்தான். சலங்கை கட்டுவதானால் ஒற்றை வரிசைக்கு மேல் வேண்டாம், அது கோல் ஒலியைக் குழப்பும்.

வட்டம்

எட்டுப் பேருக்கு 12 அடி விட்டமுள்ள வட்டம். நடுவில் ஓர் ஆணி அல்லது ஒரு பிள்ளையின் கால், அதிலிருந்து 6 அடிக் கயிறு, நுனியில் வெண்கட்டி. கீறிவிட்டால் வட்டம் தயார். அதில் எட்டுப் புள்ளிகளைச் சம தூரத்தில் இடுங்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் ஏறத்தாழ நாலே முக்கால் அடி வரும். பன்னிரண்டு பேர் என்றால் விட்டம் 18 அடி வேண்டும், பல பாடசாலை மேடைகள் அதற்குக் காணாது. மேடையை அளந்துவிட்டு ஆட்களைத் தீர்மானியுங்கள்.

இப்போது எட்டுப் பேரை இரண்டு கூட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கூட்டம் வலமாகச் சுற்றும், கோயிலை வலம்வருவது போல நடுப்பகுதி அவர்களின் வலக்கைப் பக்கம் இருக்கும். மற்றக் கூட்டம் இடமாகச் சுற்றும், நடு அவர்களின் இடக்கைப் பக்கம். ஒன்றுவிட்டு ஒன்றாக நிறுத்தினால் வலக்கூட்டத்தார் ஒவ்வொருவருக்கும் முன்னால் இடக்கூட்டத்தார் ஒருவர் முகம்பார்த்து நிற்பார். அவர்தான் சோடி.

கயிறு இல்லாமலே தாண்டலைப் பழக்குங்கள். வலக்கூட்டம் முதலில் சோடிக்கு வெளிப்புறமாகத் தாண்டும், அடுத்து வருபவருக்கு உட்புறமாக, பிறகு வெளி, பிறகு உள். இடக்கூட்டம் நேர் எதிராக: உள், வெளி, உள், வெளி. தாண்டும்போது பிள்ளைகள் தாங்களே வாய்விட்டு ‘வெளி’, ‘உள்’ என்று சொல்ல வேண்டும். பழக்குபவர் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் அவரையே நம்பி ஆடுவார்கள், மேடையில் அவர் இருக்கமாட்டார்.

எட்டுப் பேர் வட்டத்தில் ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு புள்ளி நகர்வீர்கள். எட்டாவது தாண்டல் முடியும்போது தொடங்கிய புள்ளிக்கே வந்துவிடுவீர்கள். முதல் தாண்டலில் சந்தித்த சோடியை ஐந்தாவது தாண்டலில் மறுபடி, வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் சந்திப்பீர்கள். பிறகு ஒன்பதாவதில், பதின்மூன்றாவதில். இவை எல்லாம் ஒற்றைப்படை, ஆகவே வலக்கூட்டத்தார் தம் சோடியை எப்போதும் வெளியாலேயே தாண்டுவார். ‘சோடியைக் கண்டால் வெளி’ என்பது அவருக்கும், ‘சோடியைக் கண்டால் உள்’ என்பது எதிரே வருபவருக்கும் போதுமான அடையாளம். சோடி வரவேண்டிய இடத்தில் வேறொருவர் வந்தால் யாரோ தவறிவிட்டார்கள் என்று உடனே தெரிந்துவிடும். ஆறு பேரிலும் பத்துப் பேரிலும் இந்த அடையாளம் மாறி மாறி வரும்: ஒருமுறை வெளி, மறுமுறை உள். நான்கால் பிரிபடும் தொகை என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இந்தக் கணக்கில் ஆட்டத்தின் பொருளும் இருக்கிறது. ஒவ்வொரு நான்கு தாண்டலிலும் ஒவ்வொருவரும் எதிர்க்கூட்டத்து நால்வரையும் சந்தித்துக் கோல்தட்டிவிடுகிறார்கள். விட்டுப்போகிறவர் யாரும் இல்லை, முன்னுக்கு நிற்பவர், பின்னுக்கு நிற்பவர் என்பதும் இல்லை. மேடைக் கூட்டு நடனங்களில் கெட்டிக்காரப் பிள்ளையை நடுவில் நிறுத்தும் வழக்கம் இங்கே செல்லாது. நடுவில் விளக்கு நிற்கிறது, பிள்ளைகள் எல்லோரும் அதிலிருந்து ஒரே தூரம்.

கயிறு

சற்றின் றிபன் மின்னும், ஆனால் வழுக்கும். பின்னல் இறுகாமல் சரிந்து கீழே வரும். நைலோன் கயிறு கையை அறுக்கும். நல்லது பருத்தி. இரண்டு பழைய நூல்சேலை போதும், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். நீளப்பாட்டில் 5 அங்குல அகலத்துக்குக் கிழித்து, மூன்றாக மடித்து, ஓரம் தைத்தால் ஒன்றரை அங்குல அகலத்துக்குச் சற்றுக் கூடிய நாடா கிடைக்கும். ஒரு சேலையில் நான்கு நாடா எடுத்த பிறகும் மிச்சம் இருக்கும். சிவப்பு நான்கும் வலக்கூட்டத்துக்கு, மஞ்சள் நான்கும் இடக்கூட்டத்துக்கு. நிறத்தைக் கலந்து கொடுக்காதீர்கள். பிழை நடந்தால் எந்தக் கூட்டம் என்று நிறம்தான் சொல்லும்.

நாடாவின் நீளத்துக்குக் கணக்கு: வளையம் தொங்கும் உயரத்தோடு இரண்டடி கூட்டுங்கள். 12 அடி உயரத்தில் வளையம் என்றால் 14 அடி நாடா. அதில் ஓரடி மேலே முடிச்சுக்குப் போகும். மிச்சத்தில் கையில் சிறிது சுருளாக இருக்கும், பின்னல் இறங்க இறங்க அதை விட்டுக்கொடுக்க வேண்டும்.

வளையம் ஐந்து அங்குல விட்டமுள்ள இரும்பு வளையம். வெல்டிங் கடையில் செய்விக்கலாம். அதை ஒரு கயிற்றில் தொங்கவிட்டால் சுழலும், சுழன்றால் நாடாக்கள் தம்பாட்டில் முறுக்கிக்கொள்ளும். எதிரெதிரே இரண்டு இடத்தில் கட்டி, கூரையின் மரவளையில் அசையாமல் இறுக்குங்கள். எட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் இழுத்தாலும் தாங்க வேண்டும். மின்விசிறிக் கொளுக்கியில் ஒருபோதும் கட்டாதீர்கள். கட்டியபின் இரண்டு பெரியவர்கள் தொங்கிப் பார்த்த பிறகே பிள்ளைகளை அதன் கீழே விட வேண்டும்.

மண்டபத்தில் மரவளை இல்லாவிட்டால், அல்லது வெளியில் ஆடுவதென்றால், 14 அடிக் கமுகமரம் ஒன்றை இரண்டடி ஆழத்தில் நட்டு உச்சியில் வளையத்தைப் பொருத்தலாம். அப்போது பின்னல் மரத்தைச் சுற்றியே படியும், நிறக்கோலம் தூரத்துக்கும் தெரியும், தொடக்கக்காரருக்கு இது இன்னும் சுகம். மரத்தின் கணுக்களைச் சீவி வழுவழுப்பாக்க வேண்டும். இல்லாவிட்டால் அவிழ்க்கும்போது நாடா அதில் மாட்டும்.

பின்னுதல்

நாடா நடுப்பக்கத்துக் கையில், கோல் வெளிப்பக்கத்துக் கையில். வலக்கூட்டத்துக்கு வலக்கையில் நாடா, இடக்கூட்டத்துக்கு இடக்கையில் நாடா. இப்படிப் பிடித்தால் சந்திக்கும் இருவரின் கோலும் ஒரே பக்கத்தில் நேருக்கு நேர் வரும், நாடாக்கள் குறுக்கே வரா. எல்லோரையும் வலக்கையில் கோல் பிடிக்கச் சொல்வது பரவலான பிழை. அப்போது ஒரு கூட்டத்தின் நாடா அவர்களின் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து கோலைத் தடுக்கும்.

நாடாவை மணிக்கட்டில் சுற்றக்கூடாது. ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால் கை இழுபடும். நுனியை உள்ளங்கையில் இரண்டு மடிப்பாகப் பிடித்தால் போதும்.

ஒரு தாண்டலுக்கு எட்டு எண்ணிக்கை. ஒன்றிலும் மூன்றிலும் எதிரே நிற்பவரின் கோலைத் தட்ட வேண்டும். ஐந்திலிருந்து எட்டுவரை நான்கு காலடியில் தாண்டி அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். வெளியால் போகிறவர் நாடாக் கையைத் தலைக்கு மேலே உயர்த்துவார். உள்ளால் போகிறவர் தன் கையைத் தாழ்த்தி, தலையைச் சற்றுக் குனிந்து, மற்றவர் உயர்த்திய நாடாவின் கீழே போவார். உயர்த்த வேண்டியவர் உயர்த்தாவிட்டால் நாடா மற்றவரின் கழுத்தில் படும். ஆகவே கையை உயர்த்துவதை ஐந்தாவது எண்ணிக்கைக்கே பழக்குங்கள், ஆறாவதில் பிந்திவிடும்.

பின்னலைக் கெடுப்பவை பெரும்பாலும் மூன்று. உள்ளால் போகும் பிள்ளை பயத்தில் நடுவரை ஓடிவிடுவது ஒன்று. அப்போது நாடா தளர்ந்து மற்ற நாடாக்களில் சுற்றும். வெண்கட்டிக் கோட்டிலிருந்து ஓரடிக்கு மேல் உள்ளே போகக்கூடாது. அடுத்தது இழுவை ஒத்துவராமை. சிலர் இறுக்கி இழுப்பார்கள், சிலர் தொங்கவிடுவார்கள், பின்னல் ஒரு பக்கம் சாயும். நாடா எப்போதும் நேர்கோடாக நிற்க வேண்டும், வளையத்தைத் தன் பக்கம் இழுக்கவும் கூடாது. மூன்றாவது, ஒருவர் அடுத்தடுத்து இரண்டு முறை வெளியால் போய்விடுவது. பின்னலை அண்ணாந்து பாருங்கள்: ஒன்றுவிட்டு ஒன்று மறைந்து தெரிய வேண்டிய நிறம், ஓரிடத்தில் இரண்டின் மேலே நீளமாகக் கிடக்கும். அங்கேதான் பிழை. அந்த இடம்வரை அவிழ்த்துவிட்டுத் தொடருங்கள். பிழையை அப்படியே விட்டு மேலே பின்னினால் அவிழ்க்கும்போது அந்த இடத்தில் கட்டாயம் சிக்கும்.

முதல் நாள் எட்டுத் தாண்டலோடு நிறுத்தி அவிழ்த்துவிடுங்கள். மேடைக்குப் பதினாறு போதும். நாடாவின் தடிப்பைப் பொறுத்து ஒன்றரை, இரண்டு அடிப் பின்னல் வரும். எத்தனை என்றாலும் எட்டின் மடங்கில் நிறுத்துங்கள், எல்லோரும் சொந்தப் புள்ளியில் நிற்பார்கள்.

அவிழ்த்தல்

பின்னி முடித்துவிட்டு வணக்கம் சொல்லி இறங்கும் குழுக்கள் உண்டு. அது பாதி ஆட்டம். பின்னிய அதே ஒழுங்கில் பின்னோக்கிப் போய், ஒரு முடிச்சும் மிஞ்சாமல் நாடாக்கள் எட்டும் தனித்தனியே தொங்கும்போதுதான் கோலாட்டம் நிறைவு பெறுகிறது. ஆடுவோர் உண்மையாகவே ஒழுங்கு தவறாமல் ஆடினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பதினாறாவது தாண்டல் முடிந்ததும் எட்டு எண்ணிக்கை நின்ற இடத்திலேயே. அதற்குள் இரண்டு வேலை: முகத்தைத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும், நாடாவையும் கோலையும் கைமாற்ற வேண்டும். திரும்பியதும் நடுப்பகுதி மற்றக் கைப்பக்கம் வந்துவிடும், வலக்கூட்டத்தின் நாடா இப்போது இடக்கையில். இந்தக் கைமாற்றத்தைக் கயிறில்லாமல் இருபது முறையாவது பழக்குங்கள். கோல் கீழே விழுவது அநேகமாக இந்த இடத்தில்தான்.

திரும்பியதும் முன்னால் நிற்பவர் உங்கள் சோடி அல்ல, மற்றப் பக்கத்து அயலவர். கடைசியாகத் தாண்டியது அவரைத்தான், ஆகவே முதலில் அவிழ்ப்பதும் அவரோடுதான். கடைசித் தாண்டலில் உள்ளால் போனவர் இப்போதும் உள்ளால்தான் போக வேண்டும், வெளியால் போனவர் வெளியால். வலக்கூட்டம் பின்னும்போது ‘வெளி’ என்று தொடங்கியது, பதினாறில் ‘உள்’ என்று முடித்தது. எனவே அவிழ்க்கும்போது ‘உள்’ என்று தொடங்கும். பழக்கத்தில் ‘வெளி’ என்று தொடங்கிவிட்டால் பின்னல் அவிழாது, பழையதன் கீழே புதிதாக இன்னொன்று பின்னுப்படும். மேடையில் அப்படி நடந்தால் மனம் தளர வேண்டாம்: ஒரு தாண்டல் பின்னால் வந்து, சரியான பக்கத்தால் மறுபடி தொடங்கலாம். இதற்காகக் குழுவில் ஒருவருக்கு மட்டும் ‘நில்’ என்று சொல்லும் உரிமை கொடுத்து வையுங்கள். ஆளாளுக்குக் கத்தினால் எல்லாம் குழம்பும்.

கடைசித் தாண்டல் சோடியோடு அமையும். அதில் வலக்கூட்டம் வெளி.

மேடைக்கும் வீதிக்கும்

எட்டு எண்ணிக்கையில் பதினாறு தாண்டல், நிமிடத்துக்கு 80 வேகத்தில், ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். அவிழ்க்கவும் அதேயளவு. முன்னால் இரண்டு நிமிடம் வெறும் கோலாட்டம் சேர்த்தால் ஐந்தரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பாட்டு நான்கெண்ணிக்கைத் தாளத்தில் இருக்கட்டும். மும்மைத் தாளப் பாட்டு கும்மிக்குப் பொருந்தும், இந்த எட்டுக் கணக்கில் உட்காராது. முருகன் மேலோ அம்மன் மேலோ கண்ணன் மேலோ, எட்டு எட்டு எண்ணிக்கையாக அடி முடியும் பாட்டாகப் பாருங்கள். பதிவுசெய்த பாட்டை விட ஒரு மிருதங்கமும் பாடுபவர் ஒருவரும் நல்லது, பிள்ளைகள் தடுமாறினால் அவர்களால் காத்திருக்க முடியும்.

பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். தலைப்பின்னலைத் தூக்கிக் கட்டுங்கள், தொங்கும் சடை நாடாவில் சிக்கும். கண்ணாடிக் காப்பு வேண்டாம், கோல்பட்டு உடைந்தால் கை வெட்டும்.

கோயில் வீதியில் தேருக்கு முன்னால் ஆடுவதானால் கயிற்றை விட்டுவிட வேண்டும். இரண்டு வரிசையாக முகம்பார்த்து, எட்டாவது எண்ணிக்கையில் மட்டும் ஓரடி முன்னேறிப் போகலாம். நாதஸ்வரமும் தவிலும் கூடவே ஒலிப்பதால் சொந்தப் பாட்டு எடுபடாது. தவில்காரரோடு முன்கூட்டியே கதைத்து எந்த நடையில் வாசிப்பார் என்று கேட்டு, அதற்கே பழகுங்கள். மணல் வீதியில் பாதம் புதையும் என்பதால் வேகத்தை 70க்குக் குறைக்க வேண்டும். பத்து மணிக்குப் பிறகு மணல் வெறுங்காலுக்குத் தாங்காது, காலைத் தேர் பிந்தினால் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பந்தலடியில் இருத்தி வையுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் கோல்களைத் துடைத்து, துணியில் சில துளி நல்லெண்ணெய் தொட்டுப் பூசி, ஒருநாள் நிழலில் உலரவிட்டுக் கட்டி வைக்கலாம். நாடாக்களை வளையத்திலிருந்து கழற்றாதீர்கள். எட்டையும் தனித்தனியே சுருட்டி, சுருளுக்கொரு நூல் கட்டி, சிவப்பும் மஞ்சளும் மாறிமாறி இருக்கும் ஒழுங்கு குலையாமல் ஒரு துணிப்பையில் வையுங்கள்.